ஒன்றாம் அறையிலிருந்து பன்னிரண்டாம் அறை வரை

ஜில்லா ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்ற அம்பலவாணன், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆள் வராமல் பூட்டிக் கிடந்த லாட்ஜின் மாடியை எடுத்து, 'சமரச மையம்' என்று போர்டு மாட்டி, சண்டைக்காரர்களில் ஒருத்தரை ஒன்றாம் நம்பர் அறையிலும் இன்னொருத்தரைப் பன்னிரண்டாம் நம்பர் அறையிலும் உட்காரவைத்து, நடுவில் கிடந்த வராந்தா வழியாக இவர் வார்த்தையை அவருக்கும் அவர் வார்த்தையை இவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆரம்பித்த மூன்றாம் நாளே அந்த வராந்தா நீள ஆரம்பித்துவிட்டது.

முதலில் நீண்டது ஒரு வேலிச் சண்டைக்கு. மச்சான்மார் ரெண்டு பேர். காலையில் பத்து மணிக்கு ஒன்றாம் அறையை விட்டுக் கிளம்பிய ஜட்ஜ் திரும்பி வரும்போது பதினொன்றரை, வேட்டிக் கரையில் நெருஞ்சி முள். "கொஞ்சம் தூரம்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். அடுத்தது ஒரு புருஷன் பெண்டாட்டி விவகாரம். அதற்கு ஒரு பகல் முழுக்கப் போயிற்று. அதற்கடுத்து, ஒரே கோயில் தேரை இழுக்கிற ரெண்டு தெருக்காரர்கள் வந்தார்கள். அதற்கு மூணு நாள் ஆனது, வரும்போது மனுஷர் மூக்கு நுனி வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது.

ஊரும் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்புத் தைக்கிறவர் ஜட்ஜின் செருப்புக்கு லாரி டயரை வெட்டி அடி போட்டுக் கொடுத்தார். வழியில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். கரண்டு ஆபீஸ் ஆள் பல்பு போடுகிறேன் என்று ஒரு கட்டு ஒயரோடு உள்ளே போய், ஒயர் தீர்ந்ததும் திரும்பி வந்துவிட்டார். நகராட்சியிலிருந்து சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். எத்தனை தடவை அளந்தாலும் அறுபத்திரண்டு அடிதான் வந்தது, ஏனென்றால் அவருக்கு அங்கே யாரோடும் சண்டை இல்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று, பேச்சுவார்த்தை இல்லாத தன் சகலையைக் கூட்டி வந்து மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். சங்கிலி போதவில்லை. சங்கிலியும் திரும்பி வரவில்லை.

அப்புறம் ஊரில் சண்டையைத் தூரத்தால் சொல்ல ஆரம்பித்தார்கள். குழாயடியில், "உனக்கும் உன் மாமியாளுக்கும் எவ்வளவுக்கா?" என்றால், "என்ன, ஒரு பர்லாங்கு இருக்கும்" என்பாள். கல்யாணத் தரகர்கள் ரெண்டு சம்பந்தி வீட்டாரையும் முன்கூட்டியே கூட்டிவந்து ரெண்டு அறையிலும் உட்காரவைத்து, ஒரு ஆளை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை மாற்றினார்கள். லாட்ஜுக்குக் கீழே டீக்கடை போட்டிருந்த லூர்து, ஜட்ஜ் உள்ளே போன நேரத்தைச் சிலேட்டில் எழுதி வைத்தார். "இது நாலு மைலு சண்டைவே, சாயங்காலத்துக்குள்ள வரமாட்டாரு" என்று அவர் சொன்னால் அப்படியே நடக்கும்.

பன்னிரண்டாம் அறைக்குப் பின்சந்து வழியாகத் தனிப் படிக்கட்டு உண்டு. தெருவில் இறங்கிச் சுற்றிப் போனால் ஒரு நிமிஷம்தான். ஜட்ஜும் ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்தார். வார்த்தை சேரவில்லை. அவர் வாய் அசைகிறது, எதிரே இருக்கிறவருக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை; எதிராளியே தெருவைச் சுற்றி நேரே வந்து பேசினாலும் அதே கதி. சண்டைக்காரர்களின் வார்த்தை நடந்து போனால்தான் சேரும், நடக்க வேண்டிய தூரம் முழுக்க நடந்து போனால்தான் சேரும் என்று ஆனது. அதற்குப் பிறகு அவர் தெரு வழியாகப் போனதே இல்லை.

இதெல்லாம் புளியங்குடிச் செண்பகவடிவுக்குப் பஸ்ஸில் வரும்போதே கேள்வி. ஆனாலும் ஒன்றாம் அறையின் நாற்காலியில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக வராந்தாவைப் பார்த்தவள் எழுந்து நிலைப்படி வரைக்கும் போனாள். அந்தக் கோடியில் பன்னிரண்டாம் அறையின் கதவு தெரியவில்லை. வராந்தா போய்க்கொண்டே இருந்தது. ரெண்டு பக்கமும் சாத்தின கதவுகள், பன்னிரண்டுக்கு மேலேயும் நம்பர் போட்ட கதவுகள், அதற்கு அப்புறம் நம்பர் வாசிக்க முடியாத கதவுகள், அதற்கும் அப்புறம் மூணு மணி வெயில். வெளியே அப்போது காலை பத்து.

"யாரும்மா எதிர்த் தரப்பு?" என்றார் ஜட்ஜ்.

"கூடப் பிறந்த அண்ணன். ஆவுடையப்பன்."

"என்ன கேக்காரு?"

"எங்க அப்பா வீட்டுல எனக்கிருக்கிற பங்கை விட்டுட்டேன்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துக் கேக்கான். வீட்டை இடிச்சுக் கட்டப் போறானாம்."

"நீங்க பங்கு கேக்கீகளா?"

"கல்லும் மண்ணும் எனக்கு எதுக்குய்யா? இடிக்கட்டும், ஏழு மாடி வைக்கட்டும். எங்க அப்பா செத்ததுக்கு எனக்கு அவன் துட்டி சொல்லலை. அதுதான் என் கேஸு."

வடிவு தானாகப் பார்த்து ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டவள். அன்றைக்கு அண்ணன், உறவு அறுந்தது என்று வாசலில் தண்ணீர் தெளித்தான். அப்பா பால்வண்ணம் மட்டும் மாதம் ஒருமுறை புளியங்குடிச் சந்தைக்கு வருகிற சாக்கில் அவள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவார். ஒரு மாதம் வரவில்லை. அவர் செத்த பதினேழாம் நாள் வடிவு புளியங்குடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அப்பா முகத்தைப் பார்த்தாள். பசை ஈரம் காயாத போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. கீழே இப்படிக்கு என்று போட்டு ஆவுடையப்பன் பெயர், அதற்குக் கீழே செண்பகவடிவு என்று அவள் பெயர். அப்பன் செத்ததை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறவள் அவளே. அவளுக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை. தலை முழுகவில்லை. செத்த வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று சொன்னால்தானே அழ முடியும், முழுக முடியும்? யாரும் வரவில்லை. பதினோரு வருஷமாக அவள் அப்பன் அவளைப் பொறுத்தவரைக்கும் சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை.

"இதை மட்டும் கொண்டுபோங்க" என்றாள் வடிவு. "எனக்கு ஏன் சொல்லலைன்னு கேளுங்க."

ஜட்ஜ் திங்கட்கிழமை கிளம்பினார். வடிவு தினமும் காலைப் பஸ்ஸில் வந்து பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை அறையில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். கோர்ட்டு நேரம் தப்பக்கூடாது என்பது ஜட்ஜ் வைத்த சட்டம். வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்து சேர்ந்தார். முகத்தில் தூசி, முழங்கால் வரைக்கும் செம்மண்.

"ஆள் அனுப்பினேன்ங்காரு உங்க அண்ணாச்சி. அவன் வந்து சொல்லலைன்னா நான் என்ன செய்யங்காரு."

வடிவு சிரித்தாள். "நல்லா இருக்கே. எந்த ஆளு? காத்தா?"

ஜட்ஜ் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்க அப்பா ஊர்ல சொள்ளமுத்துன்னு யாராவது உண்டாம்மா? இடது கண்ணு ஓரத்துல தழும்பு. பச்சை சைக்கிள்."

வடிவின் சிரிப்பு நின்றது. சொள்ளமுத்து இருந்தான். ஒண்டிக்கட்டை. சாவு விழுந்த வீடுகளிலிருந்து சொந்தக்காரர்களுக்குச் சேதி கொண்டுபோகிறவன். அப்பா செத்த சமயத்திலேயே ஊரை விட்டு எங்கேயோ போய்விட்டான், தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான் என்று பேச்சு.

"போகும்போது எதிரே வந்தான். திரும்பி வரும்போது அதே வழியில அவனைத் தாண்டிக்கிட்டு வந்தேன். மூணு நாள்ல நாலு எட்டுதான் நகர்ந்திருக்கான். சைக்கிளை உருட்டிக்கிட்டு வாரான். எங்கேப்பான்னேன். துட்டி சொல்லப் போறேன் சாமின்னான். ஏறி மிதிச்சா என்னன்னேன். 'உருட்டிக்கிட்டே போ, மிதிக்கக்கூடாதுன்னு சொல்லி விட்டிருக்காக சாமி' அப்படிங்கான். நான் சொன்னேன், பரவால்ல ஏறுன்னு. கேக்கலை. 'சொன்னவுக வாயால சொன்னாத்தான்' அப்படின்னுட்டான்."

வடிவுக்கு எல்லாம் விளங்கிற்று. அண்ணன் ஆள் அனுப்பத்தான் செய்திருக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள், செத்தவர் ஆத்மா கேட்கும், ஆள் அனுப்பாமல் இருக்க முடியாது. அனுப்பும்போது சைக்கிள் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தி, உருட்டிக்கிட்டே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அவள் வருவதற்குள் எடுத்துவிடலாம். சொல்லவில்லை என்ற பாவமும் சேராது. அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு ஒருத்தன் பதினோரு வருஷமாக உருட்டிக்கொண்டு வருகிறான்.

"வேலையில இருந்தப்போ முப்பத்தோரு வருஷம் நான் முதல்ல கேட்டது ஒரே கேள்விதான்மா" என்றார் ஜட்ஜ். "நோட்டீஸ் சேர வேண்டிய கையில சேர்ந்துட்டுதா? சார்வு ஆயிட்டுதா? சார்வு ஆகாம எந்தக் கேஸையும் நான் தொட்டதில்லை. உங்க நோட்டீஸ் இன்னும் வழியிலதான் இருக்கு. சொல்லுங்க, அண்ணனுக்கு என்ன கொண்டுபோகட்டும்?"

வடிவு எழுந்து வராந்தாவை எட்டிப் பார்த்தாள்.

"அவனை ஏறி மிதிக்கச் சொல்லச் சொல்லுங்கய்யா."

"அதைச் சொன்னா, உருட்டச் சொன்னது தான்தான்னு அவர் ஒத்துக்கிட்டதா ஆயிரும். லேசுல சொல்லமாட்டார். வழியும் இன்னும் நீளும்."

"நீளட்டும்."

வெள்ளிக்கிழமை காலை அவர் மறுபடி கிளம்பினார். அவர் மனைவி பிரமநாயகி இட்லியில் நல்லெண்ணெயும் பொடியும் தடவிப் பொட்டலம் கட்டி, நாலு நாளைக்குச் சர்க்கரை மாத்திரையும் எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.

நாலு நாள் ஆயிற்று. ஐந்து, ஆறு. லூர்து, சிலேட்டில் எழுத இடம் இல்லாமல், பக்கத்தில் சுவரில் எழுத ஆரம்பித்தார். ஏழாம் நாள் டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. "எத்தனை மைலுவே?" என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். மாடிப்படியில் ஏறுகிறவர்கள் சத்தமில்லாமல் ஏறினார்கள். வராந்தாவிலிருந்து சில சமயம் காற்று வந்தது, அறுத்த வயலின் வாசனையோடும், யாரோ தூரத்தில் அடுப்பு பற்றவைத்த புகையோடும். ஒரு நாள் ஒரு காக்கா அங்கேயிருந்து பறந்து வந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனது.

ஏழாம் நாளே பின்சந்தைச் சுற்றிக்கொண்டு மதினி கனியம்மாள் வந்தாள், கையில் பத்திரம். சண்டைக்காரி இல்லாததால் அவள் பேச்சுக்கு ஒரு தடையும் இல்லை.

"ஏட்டி வடிவு, ஒரு கையெழுத்து. போட்டேன்னா இந்தக் கண்ராவி வராந்தா சுருங்கிரும், பெரிய மனுஷர் வெளியே வந்துருவாரு. அவரைக் கொன்னுட்டோம்னு ஊரு நம்ம ரெண்டு வீட்டு மேலயும் பழி போடும். உங்க அண்ணனும் அங்க சாப்பிடாம கொள்ளாம உட்கார்ந்துருக்காவ."

"சொள்ளமுத்துவை எனக்கு அனுப்பும்போது நீங்க பக்கத்துல இருந்தீகளா மதினி?"

கனியம்மாள் பத்திரத்தை மேஜையில் வைத்து, அதன் மேல் பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாடிப்படி முழுக்க ஆட்கள். லூர்து, செருப்புத் தைக்கிறவர், தேரிழுத்த ரெண்டு தெருக்காரர்கள், ஜட்ஜ் சேர்த்துவைத்த புருஷன் பெண்டாட்டி. ஒருத்தரும் அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. வடிவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அதட்டலைவிட மோசமாக இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டால் வராந்தா அறுபத்திரண்டு அடி ஆகிவிடும். ஜட்ஜ் நாலு எட்டில் வெளியே வந்துவிடுவார். ஆனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவன்? அறுபத்திரண்டு அடிக்குள் அவன் இல்லை. சர்வேயர் எத்தனை தடவை அளந்தார், அவன் இல்லையே. அவனும் அவன் கொண்டு வருகிற சேதியும் அந்த மிச்சத் தூரத்தில்தான் இருந்தார்கள். அவளுக்குத் துட்டி சொல்ல இனிமேல் உலகத்தில் ஒரு ஆளும் இருக்கமாட்டான்.

அப்போது பிரமநாயகி உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. வடிவு எழுந்து நின்றாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரை நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். போடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுருதேன். ஆனா வழியில ஒருத்தன் வாரான்மா. எனக்குத் துட்டித் தாக்கலோட வாரான்."

பிரமநாயகி வராந்தாவை எட்டிப் பார்த்தாள். பதினோரு மணிக் காலையில் அங்கே மூணு மணி வெயில் சாய்ந்து கிடந்தது.

"ஒருதடவை விழுப்புரத்துல இருந்தோம்" என்றாள். "என் தம்பி கல்யாணம். கிளம்பி வாசல்ல கார் நிக்குது. ஒரு கிழவிக்கு நோட்டீஸ் சேரலைன்னு இந்த மனுஷன் உத்தரவு எழுத மாட்டேன்னுட்டார். கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். நீ இப்பக் கையெழுத்துப் போட்டு அவரை வெளியே கொண்டு வந்தேன்னு வையி, மனுஷன் செருப்பைக்கூடக் கழட்டமாட்டார். பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப உள்ளே போவார். அதுக்கு இப்பவே உள்ள இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி மூடி போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வடிவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்துப் படியில் நின்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்தார்கள்.

எட்டாம் நாளும் அப்படியே போனது. ஒன்பதாம் நாள், பன்னிரண்டு மணி இருக்கும், அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மூணு ஊர் தாண்டி, ஆத்துக்கு அக்கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சின்னக் குரல். ஆனால் கீழே டீக்கடையில் பாய்லர் பக்கத்தில் நின்றவருக்கும் அது கேட்டது. சண்டைக்காரிக்குச் சொன்ன வார்த்தை இல்லை, அதனால் யாரும் நடக்காமலே வந்தது.

"ஏல சொள்ளமுத்து...!"

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பிரமநாயகி வடிவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆவுடையப்பன் வாயில் அடுத்த வார்த்தை சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று வடிவுக்குப் புரிந்தது. சின்ன வயசிலும் அப்படித்தான். ஒரு தப்பை ஒத்துக்கொள்ள அவனுக்கு ஒரு வாரம் வேண்டும், அதுவரைக்கும் தொண்டை அடைத்துச் சோறு இறங்காது.

"சொல்லு அண்ணே" என்றாள் வடிவு, வராந்தாவைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "சொல்லிரு."

"ஏல சொள்ளமுத்து, ஏறி மிதிலே! நான் அப்பச் சொன்னதை விட்ரு! ஏறி மிதிலே, என் தங்கச்சிக்குப் போய்ச் சொல்லுலே!"

குரல் உடைந்து போய்க் கடைசியில் வெறும் காற்றாக வந்தது. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம். சைக்கிள் மணி. சாத்தின கதவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிச் சக்கரம் வருகிற சரசரப்பு. முதலில் வெயிலில் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு தலைப்பாகை, அப்புறம் மிதிக்கிற ரெண்டு முழங்கால்.

சொள்ளமுத்து வந்து ஒன்றாம் அறை வாசலில் இறங்கினான். பதினோரு வருஷத்துக்கு முந்தி இருந்த அதே வயசு, நெற்றியில் வேர்வை. துட்டி சொல்ல வருகிறவன் நிலைப்படி தாண்டமாட்டான், சொல்லி முடிக்கும் வரை தண்ணீர் வாங்கமாட்டான். லூர்து நீட்டிய டம்ளரை அவன் பார்க்கவில்லை. தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வடிவைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, பெரியய்யா தவறிட்டாக."

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"இன்னிக்கு விடியக்காலம்மா. தூக்கத்துலயே. நாலு மணிக்கு எடுக்காக. வெரசாக் கிளம்புங்க, முகம் பாத்துரலாம்."

பிரமநாயகிதான் வடிவின் முதுகில் கைவைத்து லேசாக முன்னால் தள்ளினாள். வடிவு செருப்பை மறந்து, பையை மறந்து, வராந்தாவில் இறங்கிச் சைக்கிளின் பின்னால் ஏறினாள். சொள்ளமுத்து எழுந்து நின்று மிதித்தான். அவள் போன பிறகு லூர்து மெதுவாகக் கீழே இறங்கிப்போய் அடுப்பை அணைத்து, கடைக் கதவைப் பாதி இறக்கினார். பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படியே செய்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஹார்ன் அடிக்கவில்லை.

அவளுக்கு இருபக்கமும் கதவுகள் ஓடின. கொஞ்ச தூரத்தில் கதவுகள் தீர்ந்து வேலிகள் வந்தன, வேலிகள் தீர்ந்து அறுத்த வயல் வந்தது. எதிரே ஜட்ஜ் அம்பலவாணன் வந்துகொண்டிருந்தார், வீங்கின காலோடு, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு. சைக்கிளைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டி நின்றார். வடிவு அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர், போ போ என்று கையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் சங்குச் சத்தம் கேட்டது. கொட்டுச் சத்தம் கேட்டது. தெரு முனை திரும்பும்போதே பந்தல் தெரிந்தது, பச்சை ஓலை, கூட்டம், எல்லாரும் பதினோரு வருஷத்துக்கு முந்திய முகத்தோடு. அவர்கள் நடுவில் ஒரே ஒரு நரைத்த தலை. அவளுடைய அண்ணன், இன்றைக்கு எத்தனை வயசோ அத்தனை வயசில், பாடையின் முன்னால் குறுக்கே நின்றுகொண்டு, தூக்கக் குனிந்தவர்களின் தோளைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தான். அவன் குரல் இப்போது பக்கத்தில் கேட்டது.

"இருங்கப்பா. முகத்தை மூடாதீக. என் தங்கச்சி வந்துக்கிட்டிருக்கா."